இலைகள் மிச்சம் வைத்த ஒளி



1910இல் ராபர்ட் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் சில ஒளிப்படங்களை வெளியிட்டார். நம் கண் காணும் ஒளியையெல்லாம் வடிகட்டியால் மறித்துவிட்டு, சிவப்பின் கடைசி விளிம்பிலும் அதற்கு அப்பாலும் உள்ள ஒளியை மட்டும் படத்தகட்டில் விழவிட்டு எடுத்த நிலக்காட்சிகள் அவை. நல்ல வெயில் நேரத்து வானம் அவற்றில் கறுத்துக் கிடந்தது. மரங்களும் புல்வெளியும் வெள்ளை வெளேரென்று நின்றன.

இலை ஏன் வெளுத்தது? தன்மேல் விழும் ஒளியை வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் பொருள்தான் வெள்ளையாகத் தெரியும். நீலத்தையும் சிவப்பையும் அத்தனை ஆவலாக விழுங்கும் இலை, அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டியதும் சட்டென்று கைவிரித்துவிடுகிறது. அங்கிருந்து வரும் ஒளியில் ஏறக்குறையப் பாதியை மேலே சிதறடிக்கிறது, மீதியைக் கீழே கசியவிடுகிறது. தனக்கென்று எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம்.

கீழே கசியும் அந்த ஒளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 700 நானோமீட்டரிலிருந்து 800 வரை நீளும் அந்தப் பட்டைக்குத் தொலைசிவப்பு என்று பெயர். நம் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. திறந்த வெளியில் சிவப்பும் தொலைசிவப்பும் ஏறத்தாழச் சம அளவில் வந்து விழுகின்றன. அடர்ந்த மரக்கூட்டத்தின் கீழே போனால் தொலைசிவப்பின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகச் சிவப்பு இறங்கிவிடும். நாம் நிழல் என்று சொல்லும் இடத்தில் ஒளிக்குக் குறைவில்லை. மேலே இருப்பவர்கள் உண்டது போக மிஞ்சிய ஒளி அங்கே நிறைய இருக்கிறது. அதை உண்டு, நீரைப் பிளந்து, ஆக்சிஜனை வெளியிட்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்று உலகம் உறுதியாக அறிந்து முப்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அவை நீலப்பச்சைப் பாசிகள். பாசி என்று பழக்கத்தில் சொன்னாலும் அவை பாக்டீரியாக்களே. சயனோபாக்டீரியா என்பது அறிவியல் வழக்கு.

முதலில் அந்த 700 என்ற எல்லை எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ராபர்ட் எமர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குளோரெல்லா என்ற பச்சைப் பாசியை ஒவ்வோர் அலைநீள ஒளியிலும் வைத்து, உள்வாங்கிய ஒளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார். லூயிஸ் என்பவரோடு சேர்ந்து 1943இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பானது. 685 நானோமீட்டரைத் தாண்டியதும், பச்சையம் ஒளியை இன்னும் உள்வாங்கிக்கொண்டிருக்கும்போதே, ஆக்சிஜன் வெளியீடு சரிந்து விழுந்தது. 1957இல் அதற்கு அடுத்த படியைக் கண்டார். பயனில்லாதது என்று தோன்றிய அந்த நீண்ட அலை ஒளியோடு கொஞ்சம் குறுகிய அலை ஒளியையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது கிடைத்ததன் கூட்டுத்தொகையைவிட அதிக ஆக்சிஜன் வந்தது. ஒளிச்சேர்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஒளித்தொகுதிகள் வேலை செய்கின்றன என்ற இன்றைய அறிவுக்கு இதுவே ஊற்று. இரண்டு வருடத்தில், 1959 பிப்ரவரியில், எமர்சன் நியூயார்க்கில் விமான விபத்தில் இறந்துபோனார். அவரிடம் படிக்க 1956இல் அலகாபாத்திலிருந்து போயிருந்த இளைஞர் கோவிந்த்ஜி வேலையைத் தொடர்ந்தார். பச்சையம் இலைக்குள் ஒரே வடிவில் இல்லை, வெவ்வேறு பணி செய்யும் வடிவங்களில் இருக்கிறது என்று யூஜின் ராபினோவிச்சோடு சேர்ந்து 1960இல் காட்டினார். இந்தியாவிலிருந்து போய் ஒளிச்சேர்க்கை ஆய்வில் இவ்வளவு நெடுங்காலம் உழைத்த இன்னொருவரைச் சொல்வது கடினம்.

பிறகு 1972இல் கீத் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளை எடுத்து, எந்த அலைநீளம் எவ்வளவு பயன்படுகிறது என்று அளந்தார். 400 முதல் 700 வரை என்பது ஒளிச்சேர்க்கைக்கான ஒளி என்று நிலைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான வேளாண் கருவிகள் அந்த எல்லைக்குள்தான் அளக்கின்றன. நல்ல அளவீடுதான், ஆனால் வெயிலில் விளையும் பயிரின் இலையை வைத்துப் போட்ட கோடு அது. ஆக்சிஜன் வெளியிடும் உயிரினம் எதுவாலும் தாண்ட முடியாத கோடு என்று அதைப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழையாயிற்று.

அந்தக் கோட்டை ஐயப்படுவதற்கான சான்று எமர்சனின் அதே 1943இலேயே அச்சில் வந்திருந்தது. மேனிங், ஸ்ட்ரெய்ன் என்ற இருவர் சிவப்புக் கடற்பாசிகளைச் சாறெடுத்துப் பிரித்தபோது அதுவரை யாரும் காணாத ஒரு பச்சை நிறமி கொஞ்சமாகக் கிடைத்தது. வழக்கமான பச்சையத்தைவிட நீண்ட அலைநீளத்தில் அது ஒளியை உள்வாங்கியது. பச்சையம்-டி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அடுத்தவர்கள் தேடியபோது ஒருமுறை கிடைத்தது, மறுமுறை கிடைக்கவில்லை. ஒரே இனக் கடற்பாசியிலேயே, ஒரு கடற்கரையில் அந்த நிறமி இருந்தது, இன்னொன்றில் இல்லை. சாறெடுக்கும்போது பச்சையம் சிதைந்து உண்டான பொருளாக இருக்கும் என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் அது நூல்களின் ஓரக்குறிப்பாகவே கிடந்தது.

விடை பசிபிக்கின் பலாவ் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே பவளத்திட்டுகளில் ஒட்டி வாழும் அசிடியன் என்ற கூட்டுயிர் ஒன்று உண்டு. அதன் உடலுக்குள் புரோகுளோரான் என்ற பாக்டீரியா குடியிருக்கும். அந்தப் புரோகுளோரானைத் தேடிப் போன ஜப்பானியர் மியாஷிதாவின் குழுவுக்கு வேறொன்று கிடைத்தது. 1996இல் அவர்கள் அறிவித்த அகாரியோகுளோரிஸ் மரினா என்ற அந்த உயிரியில் பச்சையத்தின் பெரும்பகுதி, 95 விழுக்காட்டுக்கும் மேல், பச்சையம்-டி ஆக இருந்தது. நாம் எங்கும் காணும் பச்சையம்-ஏ அதில் ஒரு சிறு துணுக்கு. ஆக, பச்சையம்-டி சிதைவுப் பொருள் என்ற கதை அன்றோடு முடிந்தது. 2004இல் அகியோ முராகாமியும் உடனிருந்தவர்களும் மீதிப் புதிரையும் அவிழ்த்தார்கள். சிவப்புக் கடற்பாசியின் மேல் ஒட்டி வளரும் அகாரியோகுளோரிஸ்தான் அந்த நிறமியின் சொந்தக்காரர். கடற்பாசியில் அது ஒட்டியிருந்தால் நிறமி கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. 1943இல் மேனிங்கும் ஸ்ட்ரெய்னும் கண்டது சரி. ஒரு சாற்றில் இரண்டு உயிர்கள் கலந்திருந்தன என்பது மட்டும் அன்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே டென்மார்க்கின் மைக்கேல் கூலும் ஆஸ்திரேலியக் கூட்டாளிகளும் அகாரியோகுளோரிஸ் எங்கே வாழ்கிறது என்று நேரில் அளந்து பார்த்தார்கள். அசிடியனின் அடிப்பக்கத்தில் அவர்கள் அதைக் கண்டார்கள். மேலே இருக்கும் புரோகுளோரான் கண்ணுக்குத் தெரியும் ஒளியையெல்லாம் வடித்துக்கொள்கிறது, அடியில் வந்து சேர்வது தொலைசிவப்பும் அகச்சிவப்பும் மட்டும். அடித்தளத்தில் இருப்பவனுக்கு அதுவே சோறு.

இதற்குள் இன்னொரு தேடல் தொடங்கிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் வளைகுடாவில் ஹாமெலின் பூல் என்ற இடம் இருக்கிறது. கடல்நீரைப்போல இரண்டு மடங்கு உப்பு. நுண்ணுயிர்ப் படலங்கள் மணலையும் சுண்ணாம்பையும் அடுக்கடுக்காகப் பிடித்துக் கட்டிய கல்மேடுகள் அங்கே உண்டு. ஸ்ட்ரோமடோலைட் என்பார்கள். உலகின் மிகப் பழைய உயிர்த்தடயங்களில் சில இதே வகைக் கல்மேடுகளின் புதைபடிவங்கள்தாம். அதே ஆஸ்திரேலியாவின் பில்பாராப் பகுதியில் கிடைத்தவற்றுக்கு வயது ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள். ஹாமெலின் பூலில் அவை இன்றும் உயிரோடு வளர்கின்றன. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மின் சென் அங்கிருந்து எடுத்த மாதிரியைத் தொலைசிவப்பு ஒளியில் வைத்து வளர்த்தார். பச்சையம்-டி கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. சாற்றில் அதைவிடவும் நீண்ட அலையை உள்வாங்கும் ஒரு நிறமி வந்து நின்றது. மெத்தனால் கரைசலில் அது 706 நானோமீட்டரில் ஒளியை உள்வாங்கியது. 2010இல் பச்சையம்-எஃப் என்று அது அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய புதுப் பச்சையம் பதிவாகி அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தப் பச்சையங்களின் வேதியியலில் ஓர் அழகு உண்டு. சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. பச்சையத்தின் தலை ஒரு தட்டையான பெருவளையம், நடுவே மெக்னீசியம். வளையத்தின் விளிம்பில் சிறு தொகுதிகள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் கொண்ட ஃபார்மைல் தொகுதியை வைத்தால் நிறம் மாறுகிறது. எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதே முக்கியம். ஏழாவது கார்பனில் வைத்தால் பச்சையம்-பி. செடிகளில் இருப்பது அது, சிவப்புப் பட்டை கொஞ்சம் குறுகிய அலைப் பக்கம் நகர்ந்துவிடும். மூன்றாவதில் வைத்தால் பச்சையம்-டி. இரண்டாவதில் வைத்தால் பச்சையம்-எஃப். இவை இரண்டும் எதிர்ப்பக்கம், நீண்ட அலைக்கு நகர்கின்றன. பச்சையம்-பிக்கும் பச்சையம்-எஃபுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, அணுக்களின் எண்ணிக்கையில் எள்ளளவும் வேறுபாடில்லை. அதே மூன்று அணுக்கள் வளையத்தின் எந்த முனையில் அமர்கின்றன என்பதுதான் ஓர் உயிர் வெயிலில் வாழ்வதா, அடிநிழலில் வாழ்வதா என்பதில் பங்கெடுக்கிறது.

ஆனால் நிறமி ஒன்று போதாது. அகாரியோகுளோரிஸ் எப்போதும் பச்சையம்-டியோடு இருக்கும் உயிரி. பச்சையம்-எஃப் உடையவை அப்படி இல்லை. சாதாரண வெள்ளொளியில் அவை மற்ற நீலப்பச்சைப் பாசிகளைப்போலவே பச்சையம்-ஏ கொண்டு வாழ்கின்றன. தொலைசிவப்பில் கொண்டுபோய் வைத்தால் தங்களை மாற்றிக்கொள்கின்றன. எவ்வளவு தூரம் மாற்றுகின்றன என்பதை 2014இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பிரையன்ட் குழு காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது, யெல்லோஸ்டோன் பக்கத்து வெந்நீர் ஊற்று ஒன்றில் பிரித்தெடுக்கப்பட்ட லெப்டோலிங்பியா ஜேஎஸ்சி-1. அதன் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ இருபது மரபணுக்கள் ஒரே கொத்தாக, ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. தொலைசிவப்பு பட்டதும் அந்தக் கொத்து விழித்துக்கொள்கிறது. முதல் ஒளித்தொகுதியின் மையப் புரதங்கள், இரண்டாம் ஒளித்தொகுதியின் மையப் புரதங்கள், அவற்றுக்கு ஒளி திரட்டிக் கொடுக்கும் பைகோபிலிசோம் என்ற கூடாரத்தின் அடிப்பகுதி ஆகிய மூன்றுக்கும் மாற்றுப் புரதங்கள் உருவாகின்றன. பழையவை போய்ப் புதியவை அமர்கின்றன. ஒரு நாளில் முடியும் வேலை இல்லை, பல நாள்கள் பிடிக்கும்.

அந்தக் கொத்தை எழுப்பும் காவலாள் யார் தெரியுமா? பைட்டோகுரோம் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம். செடிகளிலும் அதே குடும்பத்துப் புரதங்கள் இருக்கின்றன, அதே தொலைசிவப்பைத்தான் உணர்கின்றன. பக்கத்துச் செடி தன்னை மறைக்கிறது என்று அதன் வழியே அறிந்ததும் நாற்று என்ன செய்கிறது? தண்டை நீட்டி, இலையைச் சிறுக்கவைத்து, வெளிச்சத்தை நோக்கி ஓடப் பார்க்கிறது. நெருக்கமாக விதைத்த பாத்தியில் நாற்றுகள் ஒல்லியாக உயர்ந்து சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பாசியோ அதே செய்தியைப் பெற்றதும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, உள்ளிருக்கும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுகிறது. இந்த உயிரிகளிடம் நான் மதிப்பது முதன்மையாக இதைத்தான்.

பைகோபிலிசோமைப் பற்றி ஒரு சொல். அதிலுள்ள நிறமி பச்சையம் இல்லை, பிலின் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. தொலைசிவப்புக்கு மாறும்போது இந்தப் பாசிகள் புதிய பிலின் எதையும் செய்வதில்லை. பழைய மூலக்கூறையே வேறொரு புரதம் வேறு விதமாகப் பிடித்துக்கொள்கிறது. 650 நானோமீட்டரை ஒட்டி உள்வாங்கிக்கொண்டிருந்த அது 700ஐத் தாண்டி உள்வாங்கத் தொடங்குகிறது. வீணையில் தந்தி ஒன்றுதான், விரல் அழுத்தும் மெட்டு மாறினால் சுரம் மாறுகிறது. நிறமியின் நிறம் நிறமியிடம் மட்டும் இல்லை, அதைப் பிடித்திருக்கும் புரதத்திடமும் இருக்கிறது.

இனி, இந்தத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பிய கேள்விக்கு வருகிறேன். தொலைசிவப்பின் ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், ஆற்றல் குறைந்தது. 680 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 1.82 எலக்ட்ரான் வோல்ட். நீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது உயிருலகின் மிகக் கடினமான வேதிவினைகளில் ஒன்று. இரண்டாம் ஒளித்தொகுதி அதைச் செய்து முடித்து, பிடுங்கிய எலக்ட்ரானை அடுத்த மூலக்கூறுக்குக் கொடுத்து, அது திரும்பி ஓடிவராமல் தடுக்கவும் கொஞ்சம் ஆற்றலை ஒதுக்கியாக வேண்டும். இவ்வளவுக்கும் 680 நானோமீட்டர் ஃபோட்டான்தான் குறைந்தபட்சத் தேவை என்று கருதப்பட்டது. சிவப்பு எல்லை என்று சொல்லப்பட்டது இதைத்தான். ஆகவே பச்சையம்-எஃப் முதலில் கிடைத்தபோது, அது ஒளி திரட்டும் துணை நிறமி மட்டுமே, வினை நடப்பது பழையபடி பச்சையம்-ஏயிடம்தான் என்று பலர் எண்ணினார்கள்.

2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டென்னிஸ் நூர்ன்பெர்க், பில் ரதர்ஃபோர்டு ஆகியோரின் குழு குரூக்கோக்சிடியாப்சிஸ் தெர்மாலிஸ் என்ற பாசியை எடுத்து அளந்தது. தொலைசிவப்பில் வளர்ந்த அதன் இரண்டாம் ஒளித்தொகுதியில் முதல் வினையே 727 நானோமீட்டரில் நடக்கிறது என்றும், முதல் ஒளித்தொகுதியில் 745இல் நடக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். 727இன் ஃபோட்டானுக்கு 1.71 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. 0.11 குறைவு. சொற்பமாகத் தோன்றும், ஆனால் கையிருப்பே மெலிதான இடத்தில் இது பெரிய தொகை. சிவப்பு எல்லை என்ற கோட்டை உயிர் தாண்டியிருக்கிறது.

எப்படித் தாண்டியது என்பதில்தான் சிக்கனம் தெரிகிறது. இரண்டாம் ஒளித்தொகுதியின் ஓர் அலகில் 35 பச்சையங்கள். தொலைசிவப்புக்கு மாறிய பிறகும் அவற்றில் ஏறத்தாழ முப்பது பழைய பச்சையம்-ஏயாகவே இருக்கின்றன. நான்கு பச்சையம்-எஃப், ஒரே ஒரு பச்சையம்-டி. ஐந்து மூலக்கூறுகளை, அவை எங்கே அமர வேண்டுமோ அங்கே அமர்த்தியதும் எந்திரம் முழுவதும் புது ஒளிக்கு மாறிவிடுகிறது. மின்னணு நுண்ணோக்கியால் எடுத்த அணுநிலைப் படங்கள் பின்னர் வந்து, அந்த ஒற்றைப் பச்சையம்-டி வினை நடக்கும் மையத்திலேயே அமர்ந்திருப்பதற்குச் சான்று தந்தன.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ராபர்ட்டா குரோசேயின் குழு 2020இல் அளந்து காட்டியபடி, நான்கு பச்சையம்-எஃபும் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதால் திரட்டிய ஆற்றல் வினை மையத்தைச் சென்றடையத் தாமதமாகிறது. வழியில் கொஞ்சம் வீணாகிறது. நல்ல வெயிலில் இந்த அமைப்போடு போட்டியிட்டால் தோற்றுப்போகும். ஆகவேதான் வெள்ளொளி வந்ததும் பாசி பழைய புரதங்களுக்குத் திரும்பிவிடுகிறது. இதைக் குறைபாடு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேறு யாரும் தொடாத உணவு கிடைக்கும் இடத்தில் கொஞ்சம் வீணானால் என்ன?

பச்சையம்-எஃபை உண்டாக்கும் நொதி எது என்ற கதை இன்னும் சுவையானது. 2016இல் பிரையன்ட் குழுவின் மிங்-யாங் ஹோ முதலியோர் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதி, நீரைப் பிளக்கும் இரண்டாம் ஒளித்தொகுதியின் மையப் புரதமான டி1இன் நெருங்கிய உறவு. நீரைப் பிளக்கும் திறனை இழந்துவிட்டு, வெளிச்சத்தின் துணையோடு ஒரு பச்சையத்தை இன்னொரு பச்சையமாக மாற்றும் வேலையைச் செய்கிறது. வெளிச்சம் இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. ஒருவேளை வரிசை தலைகீழாக இருந்திருக்கலாம், இத்தகைய எளிய ஒளி நொதியிலிருந்துதான் நீரைப் பிளக்கும் எந்திரம் பின்னால் வளர்ந்திருக்கலாம் என்று கண்டவர்களே கருதினார்கள். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனின் வரலாற்றைத் தொடும் கருத்து இது. முடிவு எதுவானாலும், கேள்வியை எழுப்பியதற்கே இந்தப் பாசிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இவற்றைவிடவும் நீண்ட அலையில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஊதா பாக்டீரியாக்களில் பிளாஸ்டோகுளோரிஸ் விரிடிஸ் 1,000 நானோமீட்டரையும் தாண்டி அகச்சிவப்பை உள்வாங்குகிறது. அதன் வினை மையத்தின் கட்டமைப்பைக் கண்டதற்குத்தான் டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் மூவரும் 1988இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அவை நீரைப் பிளப்பதில்லை, ஆக்சிஜன் தருவதில்லை. அந்தச் சிறிய ஃபோட்டானுக்கு அவ்வளவு வலு கிடையாது. தொலைசிவப்பில் நின்றுகொண்டு நீரையும் பிளப்பது நீலப்பச்சைப் பாசிகளின் சாதனை.

இவை எங்கெல்லாம் இருக்கின்றன? தேடத் தொடங்கியதும் எங்கும் கிடைத்தன. கிரேட் பாரியர் ரீஃபின் ஹெரான் தீவில், கடற்கரை மணல் சுண்ணாம்பால் இறுகிப் பாறையான இடத்தில், மேற்பரப்புப் படலத்துக்குச் சற்று அடியில் இருந்தன. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகைகளில், கண்ணுக்கு ஏறக்குறைய இருள் என்று தோன்றும் ஆழத்தில் இருந்தன. சுண்ணாம்புச் சுவர்கள் தொலைசிவப்பை நன்றாகப் பிரதிபலித்து உள்ளே உள்ளே அனுப்புகின்றன. மெக்சிகோக் கடற்கரையில் ஒரு நத்தை ஓட்டிலிருந்து முன்னெப்போதோ எடுத்த சினெகோகாக்கஸ் பிசிசி 7335 என்ற பாசி அணுநிலைக் கட்டமைப்பு ஆய்வுக்கே பயன்பட்டது.

பிசிசி என்பது பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் வளர்ப்புத் தொகுப்பு. அந்தத் தொகுப்பின் இன்னொரு எண் நமக்கு நெருக்கமானது: 6912. குளோரோகுளோயாப்சிஸ் ஃபிரிட்சியை என்று அதற்குப் பெயர். ஏ. கே. மித்ரா என்ற தாவரவியலாளர் இந்திய மண்ணிலிருந்து பிரித்தெடுத்து 1950இல் விவரித்த பாசி அது. லண்டனின் பாசியியல் பேரறிஞர் ஃபிரிட்சின் பெயரை அதற்கு வைத்தார். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். ஓ. பி. ஐயங்கார் ஆய்வு செய்ததும் அதே ஃபிரிட்சிடம்தான். பல ஆண்டுகள் அந்தப் பாசி நைட்ரஜனை நிலைநிறுத்துவது எப்படி, இருட்டில் சர்க்கரையைக் கொண்டு வளர்வது எப்படி என்று ஆராய்ந்தார்கள். 2014இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அதே பாசியை நீண்ட அலை ஒளியில் வைத்தபோது பச்சையம்-எஃபும் பச்சையம்-டியும் வந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடுவையில் இருந்த உயிரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அதை வாடாமல் மறுபடி மறுபடி புதுக் குடுவைக்கு மாற்றிக் காப்பாற்றிய கைகளுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் இடமில்லை. அந்தக் கைகள் இல்லையென்றால் இன்று இந்தப் பேச்சில் பாதி இல்லை.

அதே பாசிதான் இத்தாலியின் பாதுவாவில் இன்னொரு சோதனைக்கும் போயிற்று. நம் பால்வீதியின் விண்மீன்களில் முக்கால் பங்கு சிவப்புக் குள்ளன்கள். அவற்றின் ஒளியில் நம் கண் காணும் பகுதி குறைவு, அகச்சிவப்பே மிகுதி. அத்தகைய ஒளியைச் செயற்கையாக உண்டாக்கி அதன் கீழ் இதை வளர்த்தார்கள். நன்றாக வளர்ந்து ஆக்சிஜன் தந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த, தொலைசிவப்புத் திறன் இல்லாத சினெகோசிஸ்டிஸ் என்ற பாசியும் வளர்ந்தது. அந்த ஒளியில் உள்ள சிறிதளவு சிவப்பே அதற்குப் போதுமாயிருந்தது. வேற்றுலக உயிருக்குப் பச்சையம்-எஃப் கட்டாயம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயிர்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஒளிச்சேர்க்கையின் எல்லையை 700இலிருந்து 750க்கு நீட்டினால் கிடைக்கும் ஃபோட்டான்கள் 19 விழுக்காடு கூடும் என்று மின் சென்னும் ராபர்ட் பிளாங்கன்ஷிப்பும் 2011இல் கணக்கிட்டார்கள். கதிர் வாங்கி நிற்கும் நெல்வயலில் மேலிலைகள் ஒளியை எடுத்துக்கொள்ள, அடியிலைகள் தொலைசிவப்பில் சும்மா நிற்கின்றன. அவற்றுக்கு இந்தத் திறனைக் கொடுக்க முடியுமா என்பது நியாயமான ஆசை. ஆனால் நொதியின் மரபணு ஒன்றை மட்டும் கொண்டுபோய் வைத்தால் போதாது. அதை வேறொரு பாசிக்குள் வைத்தபோது பச்சையம்-எஃப் உண்டானது உண்மை. ஆனால் அந்த நிறமியை உரிய இடத்தில் அமர்த்தும் புரதங்கள் வேண்டும், வெயிலில் அணைத்து நிழலில் எழுப்பும் உணரி வேண்டும். கொத்தையே கொண்டுபோக வேண்டியிருக்கும். மேலும், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷென், பக்பீ ஆகியோர் காட்டியபடி, சாதாரணப் பயிரும் மற்ற ஒளியோடு சேர்த்துக் கொடுத்தால் 750 வரையிலான தொலைசிவப்பை நன்றாகவே பயன்படுத்துகிறது. எமர்சனின் 1957 கண்டுபிடிப்பு பயிர்வயலில் மறுபடி வந்து நிற்கிறது. 19 விழுக்காடு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கனவு காண்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய சயனோஃபைட்டா நூல் உலகெங்கும் நீலப்பச்சைப் பாசி ஆய்வாளர்களின் மேசையில் இருந்தது, இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்று தேசிய வளர்ப்பு மையமே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் அசிடியன்கள் உண்டு, இராமேசுவரம் கரையில் ஹெரான் தீவில் சொன்ன அதே வகைக் கடற்கரைப் பாறைகள் உண்டு, நடவு முடிந்து நெல் மூடிய வயலின் அடிமண் எங்கும் உண்டு. இவற்றிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, ஊட்டக் கரைசலில் இட்டு, 730 நானோமீட்டர் எல்இடி விளக்கு மட்டும் எரியும் பெட்டிக்குள் சில வாரம் வைத்துப் பாருங்கள். செடி வளர்ப்புக்கென்று அந்த விளக்கு இப்போது கடைகளில் கிடைக்கிறது. உள்ளே வேறு வெளிச்சம் துளியும் விழக்கூடாது. அது முக்கியம், இல்லையென்றால் சாதாரணப் பாசிகள் முந்திக்கொள்ளும். வளர்ந்தால் மெத்தனாலில் சாறெடுத்து நிறமாலைமானியில் 665இல் எழும் பச்சையம்-ஏயின் உச்சத்துக்கு அப்பால், 706ஐ ஒட்டி ஒரு தோள் தெரிகிறதா என்று பாருங்கள்.